வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணி எங்கயிருந்து வருது?

எங்கட பிள்ளையளிட்ட ஈரநிலம் எண்டா என்ன எண்டு கேட்டுப் பாருங்கோ. நாலாம் அஞ்சாம் வகுப்புப் பிள்ளை எண்டா மூச்சு விடாமச் சொல்லும். வருசம் முழுக்கவோ கொஞ்சக் காலமோ தண்ணி தேங்கி நிக்கிற நிலம், அங்க வாழுற தாவரம் இன்னின்னது, விலங்கு இன்னின்னது, நன்மைகள் அஞ்சு. எல்லாம் புலமைப்பரிசில் சோதினைக்குப் பாடமாக்கினது. அதே பிள்ளையை ஒரு குளத்தடியில கொண்டுபோய் விட்டா, செருப்பில சேறு பட்டிட்டுது எண்டு அழுதுகொண்டு நிக்கும். பிள்ளையில ஒரு பிழையும் இல்ல. பிறந்ததில இருந்து ஃபிளாட்டில, பள்ளிக்கூட வான்ல, ரியூசன் வகுப்பில இருந்த பிள்ளைக்கு மண் எங்க தெரியும், நாங்கள்தான் காட்டேல்ல.

நான் வெள்ளவத்தையில பின்னேரங்களில சின்னப் பிள்ளையளுக்கு விஞ்ஞானமும் சுற்றாடலும் ரியூசன் சொல்லிக் குடுக்கிறனான். கொஞ்சக் காலமா மாசத்தில ஒரு சனிக்கிழமை மாதிரி, தாய் தகப்பன்மார் ரெண்டு மூண்டு பேரையும் சேத்துக்கொண்டு, ஒரு வான் பிடிச்சு, பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தலவத்துகொடப் பக்கம் தியசரு பூங்காவுக்கோ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறம். கனபேர் என்னைக் கேக்கினம் அங்க என்ன செய்யிறீங்கள், சும்மா நடந்து பாத்திட்டு வாறதுதானே எண்டு. இல்ல. நடந்து பாத்திட்டு வந்தா பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது வழியில குடிச்ச மைலோ மட்டும்தான். கையால ஏதாவது செய்யவேணும். அதைத்தான் இதில விளக்கமா எழுதப்போறன், வேற ரீச்சர்மாருக்கும் அம்மாமாருக்கும் உதவும்.

நாங்கள் பூங்காவில தொடங்கிறேல்ல, வெள்ளவத்தைக் கால்வாயில இருந்து தொடங்கிறம். ஏனெண்டா அது பிள்ளையள் ஒவ்வொரு நாளும் காணுற தண்ணி, காலி வீதியில பாலத்தைக் கடக்கேக்க மூக்கைப் பொத்துற தண்ணி. இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது எண்டு கேட்டா ஒருத்தர் மழை எண்டுவார், ஒருத்தர் கக்கூஸ் எண்டுவார், ஒரு பிள்ளை கடல்ல இருந்துதான் உள்ளுக்க வருது எண்டு அடிச்சுச் சொன்னது. அப்ப நான் ஃபோன்ல மப்பை எடுத்து, சற்றலைற் படம் போட்டு, கடல் வாயில விரலை வைக்கச் சொல்லுவன். விரலை எடுக்காமக் கால்வாயாலயே உள்ளுக்க போகவேணும். வெள்ளவத்தையால கிருலப்பனைப் பக்கம் போகும், அங்கால பிரியும், சேரும், பச்சையா ஒரு பெரிய இடம் வரும், பேந்து பாத்தா பாராளுமன்றத்தைச் சுத்தி இருக்கிற தியவன்னா வாவி. "மிஸ் இது ஒரே தண்ணியா?" எண்டு ஒரு சத்தம் வரும் பாருங்கோ, அந்தச் சத்தத்துக்காகவே நான் இதைச் செய்யிறன். ஓம், ஒரே தண்ணிதான். தெற்கால வெள்ளவத்தை, தெஹிவளை ரெண்டு இடத்தாலயும் கடலுக்குப் போகும், வடக்கால களனி கங்கைக்குப் போகும். நடுவில இருக்கிறதெல்லாம் ஈரநிலம்.

கொழும்புக்க இப்பிடி ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் ஈரநிலம் இருக்கு எண்டு சொன்னா பெரியாக்களே நம்பமாட்டினம். 2018 ஒக்ரோபரில டுபாயில நடந்த ராம்சர் மாநாட்டில (ஈரநிலங்களைப் பாதுகாக்கிற சர்வதேச உடன்படிக்கையின்ர மாநாடு), உலகத்தில முதல்முதல் "ஈரநில நகரம்" எண்டு அங்கீகாரம் குடுத்த 18 நகரங்களில எங்கட கொழும்பும் ஒண்டு. இது எத்தினை தமிழ் வீடுகளில ஒருக்காவாவது கதைச்ச விசயம்? பாராளுமன்றம் 1982இல திறந்தது, அந்தச் சதுப்பைத் தோண்டித்தான் வாவியே செய்தவை. அதுக்கும் கன காலத்துக்கு முதல், 14ஆம் நூற்றாண்டில, கம்பளை அரசரின்ர மந்திரி அழகக்கோனார் கோட்டையைக் கட்டினதும் அந்தச் சதுப்புக்கு நடுவிலதான், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின்ர படை வராமத் தடுக்க. சேறுதான் மதில். இந்தக் கதைக்குப் பொடியள் வாயைப் பிளந்துகொண்டு இருப்பாங்கள், யாழ்ப்பாணத்துப் படை சேத்துக்க எப்பிடி நடந்திருக்கும் எண்டு நடிச்சும் காட்டுவாங்கள்.

இனி வெள்ளம். இதைச் சொல்லிக் குடுக்க ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசின், கொஞ்சம் களிமண், கொஞ்ச மணல், ஒரு ஜக், வெறும் நெருப்புப்பெட்டியள் காணும். பேசினுக்க களிமண்ணால ஒரு பக்கம் கொஞ்சம் மேடு, மற்றப் பக்கம் பள்ளம். மேட்டுக்குக் கீழ்க்கரையில நெருப்புப்பெட்டி வீடுகள். பள்ளத்தில புல்லுக்கட்டையைப் பிடுங்கி நடுறது, அதுதான் ஈரநிலம். இப்ப மேட்டில இருந்து ரெண்டு ஜக் தண்ணி ஊத்தவேணும், அதுதான் மழை. தண்ணி போய்ப் பள்ளத்தில நிக்கும், வீடுகள் நனையாது. பேந்து பிள்ளையளிட்டயே மணலைக் குடுத்து, "காணி நிரப்புங்கோ, புது வீடு கட்டுங்கோ" எண்டு சொல்லுவன். அவைக்குச் சரியான சந்தோசம், அந்தப் பள்ளத்தை நிரப்பி, தட்டிச் சமமாக்கி, ஒருத்தர் சூப்பர்மார்க்கெற்றும் கட்டுவார். அதே ரெண்டு ஜக் தண்ணியைத் திரும்ப ஊத்தேக்க புது வீடும் போகும், முதல் நனையாம நிண்ட பழைய வீடும் போகும். ஒருக்கா ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை அந்த ஊறிப்போன பழைய நெருப்புப்பெட்டியைக் கையில எடுத்துக்கொண்டு, "மிஸ், இந்த வீட்டுக்காரர் ஒண்டும் செய்யேல்லத்தானே, அவைக்கு ஏன் வெள்ளம்?" எண்டு கேட்டது. கொழும்பில நிலத்தை நிரப்பிறதில இருக்கிற முழு அநியாயமும் அந்தக் கேள்விக்க இருக்கு.

இதில ஒண்டு கவனிக்கவேணும். கனபேர் ஈரநிலம் தண்ணியை உறிஞ்சுது, உறிஞ்சுது எண்டு மட்டும் சொல்லிக் குடுக்கினம். உறிஞ்சுறது ஒரு பங்குதான். கொழும்பில முக்கியமானது அது பதிஞ்சு கிடக்கிறது, மழை கொட்டேக்க தண்ணி வந்து நிக்க ஒரு இடம் இருக்கிறது. அதாலதான் பஞ்சை வச்சுச் செய்யிறதை விட்டிட்டுப் பள்ளத்தை வச்சுச் செய்யிறன். 2010 நவம்பரில ஒரே இரவில 400 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டி, பாராளுமன்றத்துக்கே தண்ணி போனதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளையள் அப்ப பிறக்கேல்ல. பேசினில செய்து காட்டின பிறகு அந்தக் கதையைச் சொன்னாத்தான் அவைக்கு விளங்குது, முதலே சொன்னா அது வெறும் கதை.

பூங்காவுக்குப் போனா எனக்கு மிகப் பிடிச்ச வேலை தண்ணி அள்ளிப் பாக்கிறது. இதுக்கு முதல் பூங்காவில இருக்கிறவையிட்ட அனுமதி கேக்கவேணும், அவை காட்டுற இடத்தில மட்டும்தான் அள்ளவேணும், அள்ளினது எல்லாம் திரும்ப அதே இடத்துக்குப் போகவேணும். சாமான் ஒண்டும் பெரிசா இல்ல. வெள்ளை நிற ஐஸ்கிரீம் டப்பா, பெரிய தேத்தண்ணி வடியை ஒரு தடியில கட்டினது, வெள்ளை பிளாஸ்ரிக் கரண்டி, ஒரு கைவில்லை. வெள்ளை நிறம் கட்டாயம், இல்லாட்டி மண்ணிறப் பூச்சி ஒண்டும் தெரியாது.

அள்ளினவுடன டப்பாவுக்க பாத்தா ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கும், சேறும் அழுகின இலையும் மட்டும். "மிஸ் ஒண்டுமில்ல" எண்டு எல்லாரும் சொல்லுவினம். கதைக்காமப் பாத்துக்கொண்டு இருங்கோ எண்டுவன். சேறு அடியில படியப் படிய ஒரு புள்ளி அசையும், பேந்து ரெண்டு, பேந்து டப்பா முழுக்க உயிர். வாற்பேத்தை, தண்ணிக்க நத்தை, மல்லாந்து நீந்துற பூச்சி, சிவப்பு நூல் மாதிரி நெளியிற குடம்பி (பூச்சியின்ர இளம் பருவம்). அந்தச் சிவப்பு எங்கட ரத்தத்தில இருக்கிற அதே வகைச் சாமான், ஒட்சிசன் குறைஞ்ச சேத்துக்க சீவிக்க அதுக்கு அது தேவை. அப்ப டப்பாவில சிவப்புக் குடம்பி மட்டும் கனக்க இருந்து மற்றதுகள் இல்லாட்டி அந்தத் தண்ணியில ஒட்சிசன் குறைவு எண்டு பிள்ளையளே சொல்லத் தொடங்கிவிடும். ஒரு இயந்திரமும் தேவையில்ல.

எல்லாத்திலயும் ராசா தும்பிக் குடம்பிதான். பறக்கிற தும்பி எல்லாருக்கும் தெரியும், ஆனா அது பறக்க முதல் மாசக்கணக்கா, சிலது வருசக்கணக்காத் தண்ணிக்க ஒரு வேட்டைக்காரனா இருந்திட்டுத்தான் வருது எண்டு கனபேருக்குத் தெரியாது. மண்ணிறம், ஆறு கால், பெரிய கண், பாக்க ஒரு வடிவும் இல்ல. அதின்ர கீழ் உதடு மடிஞ்சு முகத்துக்குக் கீழ ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு நாள் ஒரு பொடியன் டப்பாவுக்க இருந்த தும்பிக் குடம்பிக்குக் கிட்ட நுளம்புக் குடம்பி ஒண்டைக் கரண்டியால மெல்ல விட்டான். எல்லாத் தலையும் டப்பாவுக்கு மேல, ஒரு மூச்சு இல்ல. நுளம்புக் குடம்பி நெளிஞ்சு நெளிஞ்சு கிட்ட வந்தது. தும்பிக் குடம்பி அசையேல்ல. அடுத்த கணம் நுளம்புக் குடம்பி அதின்ர வாயில. எப்ப உதட்டை நீட்டினது, எப்ப பிடிச்சது எண்டு ஒருத்தரும் காணேல்ல, அவ்வளவு வேகம். திரும்பச் செய், திரும்பச் செய் எண்டு ஒரே சத்தம். பேந்து அது பின்பக்கத்தால தண்ணியைப் பீச்சி முன்னுக்குப் பாய்ஞ்சது, அதுக்கு மூச்சு விடுற செவுளும் அந்தப் பின்பக்கத்துக்கதான் எண்டு சொன்னவுடன சிரிச்சுச் சிரிச்சு நிலத்தில விழுந்தாங்கள். சிரிக்கட்டும். அந்தப் பிள்ளையள் சாகும் வரைக்கும் தும்பியின்ர வாழ்க்கை வட்டத்தை மறக்காது.

அம்மாமார் கேக்கிற முதல் கேள்வி டெங்கு. நியாயமான பயம்தான், 2017இல நாடு முழுக்க 180,000 பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவான நாடு இது, எங்கட ஒழுங்கையிலயே எத்தினை பிள்ளையள் ஆஸ்பத்திரியில கிடந்ததுகள். ஆனா டெங்கு நுளம்பு பெருகிறது பெரும்பாலும் எங்கட வீட்டைச் சுத்தி இருக்கிற சின்னச் சின்னத் தேங்கல் தண்ணியில. பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, பீலிக்க இலை அடைச்ச இடம், மொட்டைமாடியில ஆரோ போட்ட யோகட் கப். மீனும் தும்பிக் குடம்பியும் நிறைஞ்ச நல்ல ஈரநிலத்தில நுளம்புக் குடம்பி தப்பிறது கஷ்டம், பிள்ளையள் அதைக் கண்ணால கண்டிட்டினம். பூங்காவால வந்த கிழமை வீட்டுவேலையா, கைவில்லையோட தங்கட ஃபிளாட்டைச் சுத்திப் பாத்து எங்கெங்க தண்ணி தேங்கி நிக்குது எண்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னனான். ஒரு பிள்ளை தன்ர கட்டடத்து எல்லா மாடியும் ஏறி இறங்கி, கதவு தட்டி, ஏசி தண்ணி வடியிற வாளி வரைக்கும் பாத்திட்டு வந்தது. அந்தக் கட்டடத்து அங்கிள்மார் கொஞ்சப் பேருக்குக் கோவம், பிள்ளை வந்து எங்களைக் கேள்வி கேக்குதோ எண்டு. பிள்ளை கேட்டது சரி, நான் அவையிட்டயும் அதைத்தான் சொன்னனான்.

தண்ணியின்ர தெளிவைப் பாக்க இன்னொரு வழி. நீட்டுக் கண்ணாடிப் போத்தல் அல்லது தெளிவான பிளாஸ்ரிக் போத்தல் ஒண்டு, அடியில வெளிப்பக்கமா வெள்ளைக் கடதாசியில கறுப்புப் புள்ளடி ஒட்டுங்கோ. மேலால பாத்துக்கொண்டு தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தவேணும், புள்ளடி எப்ப மறையுதோ அங்க கோடு. குழாய்த் தண்ணி, பூங்காத் தண்ணி, கால்வாய்த் தண்ணி மூண்டையும் செய்து பாத்தம் (கால்வாய்த் தண்ணி அள்ளினது பெரியாக்கள், கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளையள் தொடேல்ல). பூங்காத் தண்ணி வெறுந்தேத்தண்ணி நிறம். ஊத்தை எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. ஆனா போத்தலுக்க ஊத்தினா புள்ளடி வடிவாத் தெரியுது! நிறம் வந்தது இலையும் வேரும் ஊறினதால, ஊத்தையால இல்ல. கால்வாய்த் தண்ணி பாக்கப் பெரிசா நிறமில்ல, சாம்பல்தான், ஆனா கெதியா மறைச்சுப் போடுது. நிறத்தை வச்சு ஊத்தை எண்டு சொல்லக்கூடாது எண்டு நான் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினாலும் இது மாதிரி ஏறாது.

பறவை பாக்கிறதுக்குப் பொறுமை வேணும், சின்னப் பிள்ளையளுக்கு அது கொஞ்சம் பஞ்சி. அதால ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பறவையைப் பொறுப்புக் குடுக்கிறன். உனக்கு நீர்க்காகம், உனக்குக் கூழைக்கடா, உனக்கு மீன்கொத்தி. அது என்ன செய்யுது, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில நிக்குது, எத்தினை தரம் தண்ணிக்க பாயுது, எத்தினை தரம் மீன் கிடைக்குது. கூழைக்கடாவைப் பொறுப்பெடுத்த பிள்ளை வந்து "மிஸ் அது ஒரு வேலையும் செய்யேல்ல, இருந்து இருந்து நித்திரை" எண்டு சொல்லுறதும் ஒரு அவதானிப்புத்தான், அதையும் எழுது எண்டுவன். தாமரை இலை மேல நீட்டு விரலால நடந்து போற நீளவால் இலைக்கோழியைக் கண்டா நான் கட்டாயம் நிப்பாட்டிக் கதை சொல்லுவன். அதில முட்டையை அடைகாத்துக் குஞ்சைப் பாக்கிறது தகப்பன். தாய் முட்டையிட்டிட்டு அடுத்த சேவலிட்டப் போயிடும். இதைச் சொன்ன நாள் எங்களோட வந்த ஒரு அப்பாவைப் பிள்ளையள் எல்லாம் திரும்பிப் பாத்ததுகள், அவர் உடன தன்ர மகளின்ர தண்ணிப் போத்தலை வாங்கித் தோளில கொழுவிக்கொண்டார்.

பூங்காவில வேலை செய்யிற ஒரு சிங்கள அங்கிள் இருக்கிறார். எங்களைக் கண்டா தானே வந்து கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் பலகைப் பாதைக் கரையில குந்தி இருந்து "பலன்ன புத்தே, பலன்ன" (பாருங்கோ மகன், பாருங்கோ) எண்டு கூப்பிட்டுக் காட்டினது நீர்நாயின்ர எச்சம். ஒரு குச்சியால அதைப் பிரிச்சார். உள்ளுக்க முழுக்க மீன் செதில், மினுமினு எண்டு, நண்டு ஓட்டுத் துண்டு ரெண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்ட பிள்ளையள் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்து, பேந்து தங்களுக்கும் ஒரு குச்சி கேட்டதுகள். பள்ளிக்கூடத்தில ரெண்டாம் மொழியாப் படிக்கிற சிங்களத்தை எங்கட பிள்ளையள் பயமில்லாமக் கதைச்சதை நான் கண்டது அண்டைக்குத்தான், ஏனெண்டா கேக்கிறதுக்கு உண்மையாவே ஒரு கேள்வி இருந்தது. மீன்பிடிப் பூனையைப் பற்றியும் அவர்தான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னவர். அது ராத்திரியில நடமாடுற சாமான், நாங்கள் காணக் கிடைக்காது. ஆராய்ச்சியாளர் கொழும்பில அதுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி போட்டுப் பாத்திருக்கினம், வீடுகளுக்கு நடுவால போய், ஆக்களின்ர மீன் தொட்டியில மீன் பிடிச்சுத் திண்டிருக்கு. இவ்வளவு நெருக்கமான நகரத்துக்க ஒரு காட்டுப் பூனை சீவிக்குது எண்டா அதுக்கு இந்தச் சேறும் பன்புல்லும்தான் காரணம்.

இனிக் கொஞ்சம் மனத்தில இருக்கிறதைச் சொல்லுறன். வருசா வருசம் யூன் 5 வந்தா சித்திரப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒரு மரக்கண்டை அஞ்சு பேர் பிடிச்சுக்கொண்டு படம். அந்த மரத்துக்கு அடுத்த கிழமை ஆர் தண்ணி ஊத்தினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதைச் சுற்றாடல் கல்வி எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல. பிள்ளை ஒரு உயிரைக் கையில எடுத்து, அது என்ன தின்னுது, எப்பிடி மூச்சு விடுது, எங்க போகுது எண்டு பாத்தாத்தான் அது கல்வி. மற்றது, இதெல்லாம் தமிழில நடக்கவேணும். கொழும்பில எங்கட பிள்ளையள் இந்த இடங்களுக்குப் போனாலும் விளக்கம் தமிழில கிடைக்கிறது குறைவு, விளங்காட்டிப் பிள்ளை ஒரு விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கும். எங்கட பட்டதாரிப் பிள்ளையள், விலங்கியல் தாவரவியல் படிச்சவை எவ்வளவு பேர் கொழும்பில இருக்கிறீங்கள், மாசத்தில ஒரு காலமை தந்தாக் காணும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில 1972இல தொடங்கின இளம் விலங்கியலாளர் சங்கம் இருக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தோட சேந்து 1976இல தொடங்கின களப் பறவையியல் குழு இருக்கு. கொஞ்சம் வளந்த பிள்ளையளைப் பயப்பிடாமக் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கோ. பள்ளிக்கூடத்தில சுற்றாடல் முன்னோடிக் குழு இருந்தா சேத்து விடுங்கோ.

"சனிக்கிழமை ரியூசன் இருக்கு மிஸ்" எண்டு சொல்லுற தாய்மாருக்கு, நானே ரியூசன் குடுக்கிறவள்தான், நானே சொல்லுறன், ஒரு சனிக்கிழமை விடலாம்.

பாதுகாப்பு விசயத்தில மட்டும் நான் விட்டுக் குடுக்கமாட்டன். எலிக்காய்ச்சல் விளையாட்டில்ல, எலி மூத்திரம் கலந்த தண்ணி வெட்டுக்காயத்தில பட்டாலும் தொத்தும். காலில கையில வெட்டுக்காயம் இருக்கிற பிள்ளை அண்டைக்குத் தண்ணி அள்ளுறேல்ல, எழுதுற வேலைதான். ஒருத்தரும் தண்ணிக்க இறங்கிறேல்ல, கரையில நிண்டு வடியால அள்ளுறதுதான், காலுக்குப் பூட்ஸ். முடிஞ்சவுடன சவர்க்காரம் போட்டு முழங்கை மட்டும் கழுவினாப் பிறகுதான் சாப்பாடு. ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா டொக்டரிட்ட, பிள்ளை ஈரநிலத்துக்குப் போனது எண்டு சொல்லவேணும். தியவன்னாப் பக்கம் முதலையும் இருக்கு, 2022 தொடக்கத்தில வெள்ளவத்தைக் கடல்லயே முதலை தெரிஞ்சு எல்லாரும் கரையில நிண்டு பாத்தது ஞாபகம் இருக்கும். அதால பலகைப் பாதையை விட்டு ஒரு அடி இறங்கிறேல்ல. இவ்வளவும் செய்தாப் பிள்ளையைத் தாராளமாக் கூட்டிக்கொண்டு போகலாம்.

வான் பிடிக்க வசதியில்லாட்டிக் கடற்கரை இருக்கு. 2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு, யூன் மாசம் தாண்டது. அதில 1,600 தொன்னுக்கு மேல பிளாஸ்ரிக் மணி இருந்தது, அது மேற்குக் கரை முழுக்க ஒதுங்கினது. இப்பவும் வெள்ளவத்தை மணலைக் கிண்டினா அங்கொண்டு இங்கொண்டாக் கிடைக்கும், ஜவ்வரிசி அளவில, வெள்ளையாவோ மஞ்சளாவோ. ஒரு வாளியில கடல் தண்ணி எடுத்து, மேல் மணலை ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்குங்கோ. மணல் தாழும், பிளாஸ்ரிக் மிதக்கும். தேத்தண்ணி வடியால அள்ளி ஒரு போத்தலுக்க போட்டுத் திகதி எழுதி வையுங்கோ. எங்கட பிள்ளையள் ஒரே இடத்தில பல தரம் செய்து போத்தல்களை வரிசையா அடுக்கி வச்சிருக்கினம், எந்த மாசம் கூட, எந்த மாசம் குறைவு, காத்து மாறேக்க என்ன நடக்குது எண்டு தாங்களே வாக்குவாதப்படுவினம். கப்பலில இருந்து வந்தது எது, கால்வாயால வந்த எங்கட பிளாஸ்ரிக் துண்டு எது எண்டு பிரிக்கேக்க எங்கட பங்கு கனக்க எண்டு கண்டு அவையே முகத்தைச் சுளிச்சவை.

அடுத்ததாத் தலங்கம குளத்தடிக்குப் போக யோசிச்சிருக்கிறம், அங்க மரத்தில கருமுகக் குரங்கு பாக்கலாம், வயலும் குளமும் பக்கத்துப் பக்கத்தில இருக்கிறது பிள்ளையளுக்குப் புதுசு. விடியவே போனாத்தான் நல்லது, ஒன்பது மணிக்குப் பிறகு வெயில், பிள்ளையளும் களைச்சிடும், பறவையும் இராது. ஒக்ரோபர் பிறந்தா ஆறுமணிக்குருவி இந்தியாவில இருந்து வந்திடும், கொழும்பு வளவுகளிலயே சத்தம் கேக்கும். அதுக்கு முதல் ரெண்டு மூண்டு பைனாகுலர் தேடிப் பிடிக்கவேணும், இப்ப இருக்கிற ஒண்டுக்குப் பிள்ளையள் அடிபடுகுதுகள். வீட்டில ஆரும் பாவிக்காம அலுமாரிக்க கிடந்தா ஒரு சீசனுக்கு இரவல் தாங்கோ, பவுத்திரமாத் திருப்பித் தருவன். சின்னப் பிள்ளையின்ர அளவில பூட்ஸும் வேணும், உங்கட பிள்ளைக்குக் கட்டையாப் போனது இருந்தா எறிஞ்சு போடாதேங்கோ.